முட்டை இல்லாத பதினோரு வருஷம்

எங்கள் பேக்கரிக்கு ஊர் வைத்திருந்த பெயர் ‘முட்டைக்குப் பயந்த கடை’. பலகையில் வேறு பெயர்தான் எழுதியிருந்தது, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘எங்கள்’ என்பதும் கொஞ்சம் அதிகப்படிதான். நான் அங்கே ரொட்டி வேன் ஓட்டுகிறவன். ஆனாலும் பதினாறு வருஷமாக அந்தக் கடையின் முதல் ரொட்டியைச் சூட்டோடு பிய்த்துத் தின்கிறவன் நான்தான். அந்த உரிமையில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்போம். தராசில் வைக்காமல் எதையும் தொடாத மனிதர். தண்ணீரைக்கூட நிறுத்துத்தான் ஊற்றுவார். கையளவு, கண்ணளவு என்று யாராவது பேசினால் முகத்தைச் சுளிப்பார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கடையின் முன்பக்கம் அக்காவின் ராஜ்யம். எந்த வீட்டுக்கு எத்தனை ரொட்டி, எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அந்தக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே அவருக்குத் தெரியும். கடை கீழே, வீடு மாடியில். ஒரே மகள். சின்ன வயதில் இருந்த கன்னத்தைப் பார்த்து அடுப்படி ஆட்கள் அவளைப் பன்னு என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

முட்டைக்கு வருகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண ஆர்டருக்கு மாஸ்டர் அறுபது முட்டை உடைத்துக் கேக் செய்தார். மேலே கிரீம் பூசுவதற்கு முன் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்துவார்கள். வெட்டின துண்டுகளில் இரண்டை அக்கா வாயில் போட்டுக்கொண்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, உள்ளங்கை அரிக்கிறது என்றார். உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்தது. உதடு வீங்கியது. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. மாவு பிசையும் எந்திரத்துக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்தார். கேக் ஏற்ற வந்த வேனில் அக்காவை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் தொடையில் ஓர் ஊசி போட்டு ஆளை மீட்டார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் கதை வேறு என்றார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள், கேக் என்றோம். கேக்கில் என்ன என்றார்கள். அறுபது முட்டை என்றார் மாஸ்டர். அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று.

மறுநாளே கடையில் இருந்த முட்டைத் தட்டுகளை எல்லாம் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு முட்டை அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. முட்டை இல்லாமல் கேக்கை எழுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தயிர், பால், சோடா, வினிகர் என்று ஒரு வருஷம் முட்டி மோதினார். முதல் ஆறு மாசத்துக் கேக்கை என் வேனுக்கு ஸ்டெப்னியாக மாட்டியிருக்கலாம். வாடிக்கையில் பாதி போயிற்று. கோழிகூட அந்தத் தெரு வழியாகப் போகப் பயப்படுகிறது என்று கேலி பேசினார்கள். மாஸ்டர் தராசை விட்டு நிமிரவில்லை. தன் கையால் நிறுத்துப் போட்ட பண்டம் பெண்டாட்டியின் உயிரை எடுக்கப் பார்த்ததே என்று அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் பன்னுவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இருபத்துமூன்று வயசுப் பெண். ஏழு மாசம் வெளியூர் ஆஸ்பத்திரி. அக்காவும் மாஸ்டரும் மாற்றி மாற்றிப் போய் இருந்தார்கள். மருந்து நோயைத் தின்றது, கூடவே அவள் உடம்பின் காவலையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டது. பச்சைக் குழந்தைக்கு இருக்கும் எதிர்ப்புச் சக்திகூட இப்போது இவளுக்கு இல்லை என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது மழையும் குளிரும் சேர்ந்த மாசம். பிசைந்த மாவு பொங்கவே இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. ஊர் முழுக்கக் காய்ச்சல், கடைக்கு வருகிற பத்துப் பேரில் நாலு பேர் இருமினார்கள். பெண்ணோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. மாஸ்டர் போட்டுக்கொண்டார். வந்துபோகிற நானும் போட்டுக்கொண்டேன்.

அக்காவும் போட்டுக்கொள்ளத்தான் போனார். பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மருந்தை எடுத்துவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். முன்பு எதற்காவது உடம்பு தடித்து மூச்சு அடைத்திருக்கிறதா என்றதும் அக்கா நடந்ததைச் சொன்னார். நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். ஒவ்வாமை பார்க்கிற டாக்டர் சொல்லாமல் போட முடியாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அந்த டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவில் ரொட்டி வாங்க வந்த மருந்துக்கடைக்காரர், காய்ச்சல் ஊசி மருந்தைக் கோழிமுட்டைக்குள் வைத்துத்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள் என்ற செய்தியைப் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்தார்.

அந்த மூன்று வாரமும் அக்கா மாடிப்படி ஏறவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு போகலாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். ஊர் இருமலையெல்லாம் முகத்தில் வாங்குகிறவள் நான், தெரியாத்தனமாக ஒரு தரம் தும்மிவிட்டால் என்ன செய்வது என்றார். கவுண்டரை விடவும் முடியாது. கடை நின்றால் பன்னுவின் மருந்து நின்றுவிடும். மாவு மூட்டை அடுக்கியிருந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார். சூப்பும் கஞ்சியும் வைத்து மாஸ்டரிடம் கொடுப்பார், மாஸ்டர் குளித்து உடுப்பு மாற்றி மேலே கொண்டுபோவார். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அம்மாவும் மகளும் போனில் பேசுவார்கள். பன்னு சிரித்தால் அந்தச் சிரிப்பு போனிலும் கேட்கும், கூரை வழியாகவும் கேட்கும். கேட்டுவிட்டு அக்கா அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்தக் கண்ணாடி அந்த மூன்று வாரம் பளபளத்த மாதிரி எப்போதும் பளபளத்ததில்லை.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் மாலை மாஸ்டர் குறுக்கே நின்றார். முட்டையில் வளர்த்ததை அவள் உடம்பில் ஏற்ற விடமாட்டேன் என்றார். ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் இன்னொரு தட்டை எடுத்து அடுக்கினேன். அக்கா கையில் இருந்த துணியை மடித்து வைத்தார்.

“ஏங்க, அந்த ஊசியில எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரு தடவையோட போச்சு. மேல எம்பொண்ணு கிடக்க, கீழ நான் ரொட்டி வித்துகிட்டு நிக்கிறது தினம் தினம் நடக்குது. எது பெரிசுன்னு நீங்களே உங்க தராசுல வச்சுப் பாருங்க.”

மறுநாள் காலை நான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்தான் முதலில் ஏறி உட்கார்ந்தார்.

ஒவ்வாமை டாக்டர் கட்டையான அம்மா, கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. டாக்டர் சொல்வதைக் கேட்க இரண்டு பேர் காது போதாது என்று மாஸ்டர் என்னையும் உள்ளே இழுத்து உட்கார வைத்திருந்தார். டாக்டர் முதலில் ஒரு குண்டைப் போட்டார். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூட இந்த ஊசியைப் போடலாமாம், பக்கத்தில் மருந்தோடு ஆள் இருந்தால் போதுமாம். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. எதற்கும் சோதித்துவிடலாம் என்று நர்ஸ் அக்காவின் முன்கையில் பேனாவால் எண் போட்டு, எண்ணுக்கு ஒரு சொட்டு வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தினாள். பத்து நிமிஷத்தில் கடைசிச் சொட்டு வைத்த இடம் கொசு கடித்த மாதிரி வீங்கியது. மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அது யார் கையிலும் வீங்குகிற சொட்டு, அது வீங்காவிட்டால் சோதனையே செல்லாது என்று சொல்லி நர்ஸ் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். முட்டைக்கு வைத்த சொட்டு இரண்டாம் எண். அந்த இடம் வழவழவென்று இருந்தது. டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார்.

“முட்டை இல்லைங்க. இவங்களுக்கு முட்டையால ஒண்ணும் வரலை.”

இதைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை. தெரிந்த எதிரி என்றால் வாசலில் நிறுத்தலாம். பதினோரு வருஷமாக முட்டையை வாசலில் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்தோம். முட்டை இல்லையென்றால் அக்காவைக் கொல்லப் பார்த்தது எது, அது இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் எனக்கு ஓடியது.

டாக்டரும் அதையேதான் கேட்டார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். “அறுபது முட்டை. சர்க்கரை ஆயிரத்தெண்ணூறு கிராம். மாவு ஆயிரத்தெண்ணூறு. உருக்கின வெண்ணெய் நானூறு. வெனிலா மூணு மூடி. உப்பு எட்டு கிராம்.” ஒரு தடங்கல் இல்லை. பதினோரு வருஷமாக அந்தப் பட்டியலைத்தான் மனசுக்குள் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மாவும் வெண்ணெயும் அக்கா தினமும் சாப்பிடுவதுதான். டாக்டர் பேனாவை மூடினார். இந்தச் சாமான்களில் குற்றவாளி இல்லை என்றார். மாத்திரை மருந்துகளில் சேர்க்கிற சில பொருள்கள் தடுப்பூசியிலும் இருக்கும், அதில் ஏதாவது ஒன்று இவருக்கு ஆகாது என்றால் ஊசி ஆபத்து. காரணம் தெரியாமல் போட எனக்குத் தைரியம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே இரண்டு மாசம் ஆகும் என்றார். இரண்டு மாசம் என்றதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

எழுதிக்கொண்டே டாக்டர் கேக் அடிக்கடி சாப்பிடுவீர்களா என்று கேட்டார். சும்மா கேட்ட மாதிரிதான் இருந்தது. அக்கா இல்லையென்று தலையாட்டினார். “இனிப்பே எனக்குப் பிடிக்காது. அன்னைக்குப் பல்லு வலி. ரொட்டியை மெல்ல முடியலைன்னு மெத்துனு இருந்ததைத் தின்னேன்.”

அந்தப் பல்வலி அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.

வேன் ஓட்டுகிறவனுக்கு முதுகுவலி கூடப் பிறந்த தம்பி. எப்போதும் டேஷ்போர்டில் வலி மாத்திரை ஓர் அட்டை வைத்திருப்பேன். எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேனா? தலைவலி என்றவனுக்கும் இடுப்புவலி என்றவனுக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்து, ‘டேஷ்போர்டு டாக்டர்’ என்று பெயர் வாங்கிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா வேன் ஜன்னல் பக்கம் வந்து நின்றது, நான் ரோஸ் நிறத்தில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தது, தண்ணீர் பாட்டிலையும் நானே நீட்டியது எல்லாம் வரிசையாக வந்தது. அதை இத்தனை வருஷம் நான் மறைக்கவில்லை. நினைக்கவே இல்லை. மாஸ்டருக்கு அவர் நிறுத்துப் போட்டவை மட்டும்தான் கணக்கு, அந்த மாத்திரை அவர் தராசில் ஏறவே இல்லை. அக்கா விழுந்த விழுகையில் மாத்திரை போட்டதே அவர் ஞாபகத்தில் இருந்து போய்விட்டது. அறிந்தவன் நான் ஒருவன்.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் வரத்தான் செய்தது. பொய் சொல்லமாட்டேன். மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் டாக்டரின் மேஜையைப் பார்த்துச் சொன்னேன்.

“அன்னைக்கு அக்காவுக்கு நான் ஒரு மாத்திரை குடுத்தேன். கேக் தின்னதுக்கு முன்னாடி. வலி மாத்திரை.”

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அக்கா பக்கம் திரும்பி, அதற்கு முன் எப்போதாவது போட்டதுண்டா என்று கேட்டார். ஒரே ஒரு தரம், இடுப்புவலிக்கு, அன்றைக்கு உதடு கொஞ்சம் வீங்கியது, எறும்பு கடித்தது என்று நினைத்தேன் என்றார் அக்கா. அதற்குப் பிறகு? விழுந்து எழுந்த பயத்தில் எந்த மாத்திரையையும் தொடவில்லை, பல்லைப் பிடுங்கினபோதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாராம். எந்தப் பல்லை என்று வேறு சமயமாக இருந்தால் கேட்டிருப்பேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார்.

“இவர் சொன்னதுதான் காரணமா இருக்கணும். அந்த மாத்திரையை இனி ஆயுசுக்கும் தொடாதீங்க, அந்தக் குடும்பத்து மாத்திரை எதையும் என்னைக் கேக்காமப் போடாதீங்க. அது இந்த ஊசியில கிடையாது. மாத்திரை மேல பூசுற ஒரு பொருளோட பங்காளி ஒண்ணு ஊசியில இருக்கு. அதையும் பார்த்துடுவோம்.”

மறுபடியும் பேனா, எண், சொட்டு. ஒரு சொட்டு அந்தப் பூச்சு, ஒரு சொட்டு அதன் பங்காளி, ஒரு சொட்டு தடுப்பூசி மருந்தே. கால் மணி நேரம் மூன்று பேரும் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினாறு வருஷமாகப் பார்க்கிற கைதான். அடுப்பில் சுட்ட வடு, ரொட்டி வெட்டும் கத்தி பட்ட தழும்பு. அந்தத் தோலுக்குள்ளே இத்தனை காவல்காரர்கள் உட்கார்ந்துகொண்டு உள்ளே வருகிறவன் யார், எவன் என்று ஒவ்வொரு சொட்டையும் விசாரிக்கிறார்கள் என்பதை நினைத்து நான் அசந்துபோனேன். மகள் உடம்பில் காவலே இல்லை. தாய் உடம்பில் ஒரு மாத்திரைக்கு ஊரையே கொளுத்துகிற காவல். இரண்டும் ஒரே ரத்தம்.

மூன்று இடமும் வழவழவென்று இருந்தது.

ஊசியில் ஏற்றியபோதுதான் அந்த மருந்தை நன்றாகப் பார்த்தேன். அரை ஸ்பூன்கூட இராது. முட்டைக்குள் வளர்த்து, கொன்று, துண்டாக்கிய கிருமியாம். இவன் இப்படி இருப்பான், வந்தால் விடாதே என்று காவல்காரர்களுக்கு அடையாளம் காட்டுகிற வேலையாம். நர்ஸ் ரொட்டியில் ஜாம் தடவுவதைச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை நிற்க வைத்துக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்துத் தட்டில் இன்னொரு ஊசி தயாராக இருந்தது, அன்று அக்காவைத் தொடையில் குத்தி மீட்ட அதே மருந்து. அக்கா ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, குத்துவதற்கு முன்பே போட்டாச்சா என்று கேட்டார்.

அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அக்கா சுவரைப் பார்த்தார். மாஸ்டர் அக்காவின் கழுத்தைப் பார்த்தார். மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று அவர் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஒரு தரம் அக்கா கன்னத்தைச் சொறிந்ததும் நர்ஸ் பாய்ந்து வந்தாள், நானும் எழுந்தேன். தலைமுடி குத்துது என்றார் அக்கா. அதன் பிறகு சொறிய வேண்டியதைக்கூடச் சொறியாமல் உட்கார்ந்திருந்தார், பாவம்.

“ஆச்சு” என்றார் மாஸ்டர். கடிகாரம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், சரியாக அரை மணி. ரொட்டி வேகிற நேரம் அது. நாற்பது வருஷமாக அந்த அரை மணியை உடம்பிலேயே வைத்திருக்கிறார். அக்கா எழுந்து நின்றார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருப்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வேனில் பாதி தூரம் வந்தாயிற்று. எனக்குத் தாங்கவில்லை. ஓரமாக நிறுத்தி, அடிப்பதாக இருந்தால் அடித்துவிடுங்கள் மாஸ்டர் என்றேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினோரு வருஷம்டா” என்றார். “நான்தான் கொல்லப் பார்த்தேன்னு நினைச்சுகிட்டே அடுப்பைத் திறந்தேன். தினமும்.” அந்த இறுகின மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அக்காதான் என் தோளில் தட்டினார். “வண்டியை எடு தம்பி. பல்லு வலின்னு உன்கிட்ட வந்து நின்னது நான். நீ குடுக்கலைன்னா கடையில வாங்கிப் போட்டிருப்பேன். அன்னைக்கு என்னைத் தூக்கிப் போட்டு ஓட்டினதும் நீதானே.”

கோழிகளிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே மாஸ்டர் சொன்னார். இனிமேல் முட்டை வாங்கலாமா என்று கேட்டேன். இந்தக் கேக்கை வழிக்குக் கொண்டுவரவே பாதி ஆயுசு போயிற்று, இப்போது போய் முட்டையா என்று என்மீது பாய்ந்தார். டேஷ்போர்டில் இருந்த மாத்திரை அட்டையை அன்று மாலையே ஆஸ்பத்திரியில் வேண்டாத மருந்து போடுகிற பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். இப்போதும் முதுகு வலிக்கிறது, வலிக்கட்டும்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா ஒரு நாள்கூட அவசரப்படவில்லை. பதினைந்தாம் நாள் விடிகாலை வெந்நீரில் குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். நாங்கள் கீழே முதல் ரொட்டியை அடுப்பில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மாவும் மகளும் அழுவார்கள், சிரிப்பார்கள், ஏதாவது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. ரொட்டியெல்லாம் ஆறி அடுக்கியாகிவிட்டது, அப்போதும் இல்லை. மாஸ்டருக்குப் பயம் வந்துவிட்டது. குளிக்காமல் போகக்கூடாதே என்று வேகவேகமாகக் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு மேலே போனார்.

இறங்கி வந்தபோது செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

“தூங்குறா” என்றார் மெதுவாக. நல்லதுதானே, பன்னு தூங்கட்டுமே என்றேன்.

“பன்னு இல்லடா. அவ முழிச்சுதான் இருக்கா, சத்தம் போடாதீங்கன்னு கையைக் காட்டுறா. இவதான் அவ மடியில தலையை வச்சுத் தூங்குறா.”

நாங்கள் தட்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினோம். நான் சாவியைப் போடப் போனபோது மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்படி ஆட்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நூற்றுநாற்பது ரொட்டி ஏற்றிய வேனை நாலு பேருமாகச் சேர்ந்து தெருமுனைவரை தள்ளிக்கொண்டுபோனோம். அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன்.